பெண் மக்களின் அறிவும் அமானிதமே



பல ஆண்டுகளுக்கு முன்னர் மாலை நேர மக்தபில், மூத்த பிள்ளைகளுக்கு வாரிசுரிமைப் பங்கீட்டின் தொடக்கப் பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். "ஒருவர் தம் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு மரணித்தார். சொத்தை எத்தனை பங்குகளாக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பினேன். நான் எழுதத் தொடங்கும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது: "72 பங்கு, ஹஜ்ரத். மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17."

அதே பெண் பின்னர் 12ஆம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றாள். பொறியியல் கலந்தாய்வில் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் படிக்க இடமும் கிடைத்தது. அவளுடைய வாப்பா என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். "பெண் பிள்ளை, தூரத்து ஊர், நன்கு யோசித்துச் செய்யுங்கள்" என்றேன். அது மார்க்கத் தீர்ப்பு அன்று. என் மனத்தின் தயக்கம் மட்டுமே. ஆனால் ஓர் ஆலிமின் தயக்கம் ஒரு குடும்பத்தில் தீர்ப்பாகவே கொள்ளப்படும் என்பதை அன்று நான் உணரவில்லை. அந்த இடம் கைவிடப்பட்டது.

சென்ற ஆண்டு அவள் தன் மகளை மக்தபில் சேர்க்க வந்தாள். நல்ல கணவர், நிறைவான இல்லம், அல்ஹம்துலில்லாஹ். விடைபெறும்போது, எவ்விதக் கசப்பும் இல்லாமல் ஒன்று கேட்டாள்: "ஹஜ்ரத், இவளும் நன்றாகக் கணக்குப் போடுகிறாள். நாளை இவளுடைய வாப்பா உங்களிடம் யோசனை கேட்டு வந்தால் என்ன சொல்வீர்கள்?"

அன்று அவளுக்கு முழுமையான மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அதையே இங்கு எழுதுகிறேன்.

அந்தச் சிறுமி விடுவித்த கணக்கும் கணினித் துறையும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி இயற்கணிதம் குறித்து எழுதிய நூலில், மரண சாசனம், வாரிசுரிமை ஆகியவற்றின் கணக்குகள் பெரும் பகுதியாக இடம்பெற்றுள்ளன. அந்நூலின் பெயரிலுள்ள 'அல் ஜப்ர்' என்னும் சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. அவருடைய பெயரே அல்காரிதம் என்னும் சொல்லுக்கு மூலமாயிற்று. மார்க்கக் கடமையைச் சரியாக நிறைவேற்றும் நோக்கம் கணிதத்தை வளர்த்த வரலாறு நம்முடையது.

இத்துறை ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணமும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 10ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் ஸைஃபுத் தவ்லாவின் அவையில் அல் இஜ்லிய்யா என்னும் பெண்மணி அஸ்தர்லாப் என்ற வானியல் கருவியைச் செய்பவராக விளங்கினார் என இப்னுன் நதீம் தம் நூற்பட்டியலில் பதிவு செய்துள்ளார். 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண், ஈரானில் பிறந்த மர்யம் மிர்ஸாகானி. ஆற்றலை வழங்கிய அல்லாஹ் ஆண், பெண் என்று பிரித்து வழங்கவில்லை, பிரித்தவர்கள் நாமே.

நம் இல்லங்களில் இன்று நிகழ்வது என்ன? பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். பல வகுப்புகளில் ஆண் பிள்ளைகளை விஞ்சுகிறார்கள். ஆனால் பட்டம் பெற்றதும் சான்றிதழ் அலமாரிக்குள் சென்றுவிடுகிறது. பெண் பார்க்க வருவோரிடம் காட்டுவதற்கு மட்டும் அது வெளியே வருகிறது. இந்தியத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களில் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. முடிவெடுக்கும் உயர் பொறுப்புகளில் இவ்விகிதம் மேலும் சுருங்குகிறது. அந்தச் சிறிய பங்கினுள் நம் சமுதாயப் பெண்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் ஜமாஅத்தில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அதனால் நமக்கு என்ன இழப்பு?" என்று சிலர் கேட்கக்கூடும். சிந்தித்துப் பாருங்கள். மனைவியின் பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும்போது, "பெண் டாக்டர் இருக்கிறாரா?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அந்தப் பெண் டாக்டர் யாரோ ஒருவர் வீட்டு மகள். அவரைப் படிக்க அனுப்பிய வாப்பா ஒருவர் இருந்ததனால்தான் இன்று நம் வீட்டுப் பெண்ணின் கண்ணியம் காக்கப்படுகிறது. இப்போது நம் பெண்களின் கைப்பேசிகளைப் பாருங்கள். குடும்பப் புகைப்படங்கள், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, உறவினரோடு பேசிய அந்தரங்கம் என அனைத்தும் அதற்குள்தான் உள்ளன. திரை உடைந்தால் அதை யாரிடம் கொடுக்கிறோம்? புகைப்படத்தைத் திருத்தி ஒருவன் மிரட்டினால் நம் மகள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாள்? இணையக் குற்றப் புகார்களுக்கு அரசின் இணையதளம் உண்டு. பண மோசடிக்கு 1930 என்னும் உதவி எண்ணும் உண்டு. ஆயினும், அதற்கும் முன்னர் அச்சமின்றி அணுகுவதற்குத் தொழில்நுட்பம் அறிந்த ஒரு பெண் அருகில் இருப்பது எத்தகைய பாதுகாப்பு!

சமுதாயத்தில் சிலரேனும் நிறைவேற்றியாக வேண்டிய கடமையை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். ஒருவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவோம். சமுதாயத்துக்கு இன்றியமையாத மருத்துவம் முதலான தொழில்களையும் அறிஞர்கள் இதனுள் அடக்கியுள்ளனர். நம் பெண்களின் மானத்தைக் காக்கும் தொழில்நுட்ப அறிவும் இன்று அவ்வரிசையில் சேர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

பெற்றோரின் அச்சத்தை நான் இகழவில்லை. அந்த அச்சம் எனக்கும் இருந்தது; இன்றும் சிறிது உண்டு. விடுதி எப்படி இருக்கும், ஹிஜாபை மதிப்பார்களா, இரவுப் பணி வருமா, திருமணம் தள்ளிப்போகுமா என்பனவெல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் கேள்வி எழுந்தால் விசாரித்து விடை காண்பதே முறை. கதவை அடைப்பது விடையாகாது.

சூரா அல் கஸஸில் வரும் மத்யன் நகரத்து இரு சகோதரிகளை நினைவுகூருங்கள். தந்தை முதியவர் என்பதால் ஆடுகளுக்கு நீர் புகட்ட அவர்களே வெளியே வந்தனர். இடையர்களின் நெரிசலில் கலவாமல் ஒதுங்கி நின்றனர். நபி மூஸா (அலை) அவர்களைக் கண்டதும், 'வீட்டுக்குத் திரும்புங்கள்' என்று கூறவில்லை. நிலைமையைக் கேட்டறிந்து, நீர் புகட்டிக் கொடுத்தார். பின்னர் அவ்விருவரில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து அவரை அழைத்தாள். அவரைப் பணியில் அமர்த்தும்படி தந்தைக்கு ஆலோசனையும் கூறினாள். வெளியே சென்றதால் அவளுடைய நாணம் குறையவில்லை, உலகறிவு கூடியது. அவளுடைய சொல்லுக்குத் தந்தையும் செவிசாய்த்தார். கிணற்றங்கரையில் நெரிசல் இருந்தால் வழியமைத்துத் தருவதே ஆண்களின் கடமை என்று நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன்.

அந்த வழியை அமைக்க நம்மால் இயன்றவை பல உண்டு. கல்லூரியையும் விடுதியையும் நேரில் சென்று பாருங்கள். அங்கு படிக்கும் முஸ்லிம் மாணவியரின் பெற்றோரிடம் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றை மஸ்ஜித் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்துள்ளது. இவற்றை நம் மகள்கள் வேலைக்குச் செல்லும் முன்பே அறிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யத்தக்க பணிகளும் இத்துறையில் பல உண்டு.

மக்தப் நடத்தும் என் போன்றோருக்கும் பொறுப்பு உண்டு. விடுமுறை நாளில் நான்கு கணினிகளை வைத்து, ஒரு பெண் ஆசிரியையைக் கொண்டு சிறுமியருக்குக் கற்பிக்கலாம். பெண்கள் தங்களுக்கெனத் தனி நாள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை ஒதுக்கிக் கற்பித்தார்கள் அல்லவா? மகனுக்குப் பெண் தேடுவோருக்கும் ஒரு வார்த்தை: "படித்த பெண் வேண்டும், ஆனால் வேலைக்கு அனுப்பமாட்டோம்" என்று முதல் சந்திப்பிலேயே முடிவுரைக்காதீர்கள். வேலைக்குச் செல்வது ஒரு பெண்ணின் மீது கடமை அன்று. இல்லத்தைப் பேணி மக்களை வளர்ப்பவளின் சிறப்புக்கு யாதொரு குறைவும் இல்லை. எதுவாயினும், அவளைக் கலந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று பேணுகிறோம். மகளுக்கு அவன் வழங்கிய அறிவும் அமானிதமே. அதுபற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம்.

ஆகவே, என் பழைய மாணவியின் கேள்விக்கு என் விடை இதுதான். மகளே, உன் கணவர் என்னிடம் வரும் நாளில், "யோசித்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பமாட்டேன். "வாருங்கள், அந்தக் கல்லூரியை இருவரும் போய்ப் பார்த்துவருவோம்" என்பேன், இன்ஷா அல்லாஹ். உன் விஷயத்தில் நான் செய்த தவறை அல்லாஹ் மன்னிப்பானாக. நீயும் மன்னித்துக்கொள்.