தொடங்குகிறவன் எவ்வளவு நேரம் ஆடலாம்?



இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்பு, நம் வாலிபர் ஒருவர் ஆலயத்தின் பக்கவாசலில் எனக்காகக் காத்திருந்தார். பொறியியல் முடித்துவிட்டு வேலைக்கான அழைப்பை எதிர்பார்த்து வீட்டில் இருக்கிறவர். "ஐயா, ஒண்ணு கேக்கணும், திட்டக் கூடாது" என்ற முன்னுரையோடு ஆரம்பித்தார். கைப்பேசியில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். "புதுசா கத்துக்கிறவன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடலாம் ஐயா?" இதுவே அவர் கேள்வி. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆடுவது பாவமா என்று கேட்டிருந்தால், முப்பது ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ முறை சொன்ன பதில் என் நாவில் ஆயத்தமாயிருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டபடியால் நான் யோசிக்க வேண்டியதாயிற்று. இந்த வாரம் நீங்களும் என்னோடு சேர்ந்து யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அந்த ஆட்டத்தை அதன் சொந்தக் கணக்கிலேயே எடைபோடுவோம். இறையியல் கல்லூரிக்குப் போகுமுன் நான் கணிதம் படித்தவன்; அந்தப் பழைய ஆசை இன்னும் முற்றிலும் விட்டுப்போகவில்லை. போக்கரில் அதிகம் ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். கையில் கிடைக்கக்கூடியவற்றில் மிகச் சிறந்தது இரண்டு ஏஸ் சீட்டுகள். அது 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும் என்பது கணக்கு. அப்படி அபூர்வமாய் வந்த கையை வைத்துக்கொண்டு, ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கிற ஒரே ஒருவரை எதிர்த்து ஆடினாலும், நூற்றுக்குப் பதினைந்து முறை தோற்பீர்கள். தலைசிறந்த கைக்கே நிலைமை இதுவென்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இது திறமையின் ஆட்டம் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. நீண்ட காலம் ஆடும்போது நன்றாய் ஆடுகிறவன் முந்துவான் என்பது உண்மையே. ஆனால் அந்த நீண்ட காலம் எவ்வளவு நீளம் என்பதில்தான் காரியமே இருக்கிறது. நன்றாக ஆடத் தெரிந்தவர்கூட பத்தாயிரம் ஆட்டங்களுக்குப் பின்னும் நஷ்டத்தில் நிற்கக் கூடும். அது அதிசயமான சம்பவமும் அல்ல. இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு ஏறக்குறைய எழுபது ஆட்டங்கள் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ஆட்டத்துக்கு 143 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடினாலும் இரண்டு மாதத்துக்குமேல் ஆகிவிடும். அதன் முடிவிலும், "எனக்கு இது வருமா, வராதா" என்பது நிச்சயமாய்த் தெரியாது. இதற்கிடையில், பணம் வைத்து ஆடும் மேசைகளில் யார் ஜெயித்தாலும் நடுவில் சேர்ந்த தொகையிலிருந்து நடத்துகிற நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். சீட்டைத் தொடாமலே ஒவ்வொரு இரவும் ஜெயிக்கிறவர் அவர் ஒருவரே.

ஆகவே அந்த வாலிபருடைய கேள்விக்கு ஆட்டத்துக்குள்ளேயே நேர்மையான பதில் ஒன்று உண்டு: உன்னைப் பற்றிய உண்மை தெரிய வேண்டுமானால், அதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நேரம் கொடுக்க வேண்டும். "கொஞ்ச நேரம் ஆடிப் பார்க்கிறேன்" என்பதற்கு அங்கே அர்த்தமில்லை. கொஞ்ச நேரத்தில் தெரியவருவது அன்றைக்கு வந்த சீட்டின் செய்தி மாத்திரமே. அதைத் தன்னுடைய திறமையின் செய்தி என்று நினைத்துக்கொள்வதுதான் தொடக்கக்காரனுக்கு விரிக்கப்பட்ட வலை. முதல் வாரத்தில் தோற்கிறவனைவிட ஜெயிக்கிறவனுக்காக நான் அதிகம் ஜெபிப்பேன்.

நேரத்தைக் குறித்த இதே கேள்வியை நம் அரசாங்கமும் கேட்டது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்து தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமையின் ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. அதன்பின் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பூட்டுப் போட்டன. ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஆடினால், எவ்வளவு நேரமாய் ஆடுகிறீர்கள் என்று அரை மணிக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும் என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் முழுவதையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த விதிகளை நான் வாசித்தபோது என் மனதில் தங்கினது அந்த அரை மணி எச்சரிக்கைதான். ஒரு மனிதனுக்கு அவன் எவ்வளவு நேரமாய் உட்கார்ந்திருக்கிறான் என்பதை வேறொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது!

நம் வாலிபர் ஆடுவது பணமில்லாத ஆட்டம். செயலி தருகிற போலிக் காசில் ஆடுகிறார். "இப்போதைக்குத்தான் ஐயா, பழகினதுக்கப்புறம்..." என்று சொல்லி அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். போலிக் காசுக்கு யாரும் பயப்படுவதில்லை; பயமில்லாமல் ஆடுகிறவர்களோடு பழகி, பணத்துக்குப் பயப்படுகிறவர்களோடு ஆடக் கற்றுக்கொள்ள முடியாது என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு, "ஒரு நாளைக்கு இப்போது எவ்வளவு நேரம் ஆடுகிறாய் தம்பி?" என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் இருக்கும் ஐயா" என்றார். போனில் அந்தக் கணக்கு இருக்குமே, பார்ப்போம் என்றேன். பார்த்தோம். அந்த ஒரு வாரத்தில் முப்பத்தொரு மணி நேரம். அவர் பொய் சொல்லவில்லை, பிரியமானவர்களே. அவர் முகத்தைப் பார்த்த நான் சொல்லுகிறேன், அந்த எண்ணைக் கண்டு என்னைவிட அதிகம் திடுக்கிட்டவர் அவர்தான்.

சற்று நேரம் கழித்து, மிகுந்த மரியாதையோடு, "உங்க போன்ல ஐயா?" என்று கேட்டார். நானும் திறந்து காட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று மணி பத்து நிமிடம். அதில் வேதாகமச் செயலிக்குக் கிடைத்தது இருபது நிமிடம். மீதியில் பெரும்பகுதி கிரிக்கெட்டும் செய்திகளும், எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத மனிதரின் சண்டைகளும். போதகருடைய கணக்கு இது. இதை இங்கே எழுதுவதற்கு எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் அவருடையதை எழுதிவிட்டு என்னுடையதை மறைப்பது நியாயமல்ல.

என் பெரியப்பாவைக் குறித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல் தூரத்திலிருந்த டவுனில் ஒரு மனமகிழ் மன்றம். மாலையானால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். சீட்டில் சொத்தை அழித்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நிலமும் வீடும் கடைசி வரைக்கும் இருந்தன. அவர் மகள், என் அக்கா, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாகத் தேறிய நாளில், தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தபோது மணி பத்தரை. காட்டினாள். "நல்லது, நல்லது" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, கடைசி ஆட்டத்தில் எந்தச் சீட்டை எப்போது இறக்கினார் என்பதைப் பெரியம்மாவுக்கு விவரித்துக்கொண்டே சாப்பிட்டார். அன்று அவர் ஜெயித்திருந்தார். அக்காவுக்கு இப்போது அறுபது வயதுக்குமேல். பெரியப்பாவின் அடக்க ஆராதனை முடிந்த இரவில் இதை என்னிடம் சொன்னாள். கோபமாய்ச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பாரமாயிருந்தது.

ஆகையால் ஆடின நேரத்தை மட்டும் எண்ணுவது போதாது என்று நினைக்கிறேன். மேசையைவிட்டு எழுந்தபின்னும் மனம் எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது? சாப்பாட்டில், பேருந்தில், நம்முடைய ஜெபத்தின் நடுவில்? கைப்பேசி அந்தக் கணக்கைக் காட்டாது. வீட்டிலிருக்கிறவர்கள் மட்டுமே அறிவார்கள்.

வேதாகமத்தில் சீட்டுப் போடுதல் எல்லா இடத்திலும் ஒரேவிதமாய்ப் பேசப்படவில்லை. யூதாசின் ஸ்தானத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளும்படி சீஷர்கள் ஜெபம்பண்ணிச் சீட்டுப் போட்டார்கள். ஆகவே சீட்டு என்ற பொருளிலேயே தீட்டு இருப்பதாக நான் போதிப்பதில்லை. சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் போட்ட சீட்டு வேறு. வஸ்திரங்களை நாலு பங்காக்கினபின், தையலில்லாத அங்கி மீதியாயிற்று. அதைக் கிழிக்க மனமில்லாமல் சீட்டுப் போட்டார்கள். அவர்கள் பெரிய தொகைக்கு ஆடவில்லை. ஒரு துணிக்காக ஆடினார்கள். தலையை உயர்த்தினால் கண்டிருக்கக்கூடிய தூரத்தில் உலகத்தின் மீட்பு நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய கண்கள் தங்கள் கைகளில் இருந்தன. திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்காவை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் இப்போது வாசிக்க முடிவதில்லை.

நான் கொடுத்த பதில் இதுதான். பணம் வைத்து ஆடுவதற்கு ஒரு நிமிடமும் இல்லை. சட்டம் தடுப்பதால் மட்டுமல்ல. அந்தச் சட்டம் நாளைக்கு மாறினாலும் என் பதில் மாறாது. அந்த மேசையில் நீ எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதிரே முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவன் இழந்தது. அவன் வீட்டு வாசலிலும் ஒரு பிள்ளை காத்திருக்கலாம். பணமில்லாமல், கணக்கின் மேலுள்ள ஆசையினால் ஆடுவதானால், வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அல்ல, வீட்டார் இருக்கும் கூடத்தில். எழுந்திருக்க வேண்டிய நேரத்தை உட்காருமுன்னே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் எடுக்கும் தீர்மானத்தை நம்ப வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தைக் கடைப்பிடிக்க முடியாமல் இரண்டு வாரம் போனால், செயலியையே நீக்கிவிட வேண்டும். பாடுபட்டுப் போராடுவதற்கு அது அவ்வளவு மேன்மையான காரியமல்ல.

சபை மூப்பர்களில் சிலர் இதை வாசித்து, "போதகர் ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்துவிட்டார்" என்று வருந்தக் கூடும். சீட்டுக்கட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன்தான் நானும். அந்தக் கண்டிப்பின் நன்மையை நான் அறிவேன். ஆனால் அந்த வாலிபர் நம்மிடம் கேட்காமலே அந்த முப்பத்தொரு மணி நேரத்தைச் செலவழித்தவர்; அவர் கேட்க வந்ததே கிருபை. "கூடாது" என்ற ஒரு சொல்லோடு அனுப்பியிருந்தால், அடுத்த முறை பக்கவாசலில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் போனைப் பிடுங்கும் முன், வேலையில்லாத அவனுடைய பகல் எவ்வளவு நீளமானது என்று ஒருநாள் கூடவே இருந்து பாருங்கள். அந்தத் திரையில் அவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஏதோவொரு பதில் கிடைக்கிறது. அவன் அனுப்பின விண்ணப்பங்களுக்கு மாதக்கணக்கில் பதிலே இல்லை. அவனுக்கு அங்கே இனிக்கிறது ஏன் என்பது அப்போது கொஞ்சம் புரியும். நம் சபையில் தொழில் செய்கிறவர்களும் அலுவலகங்களில் பொறுப்பிலுள்ளவர்களும் பலர் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வாலிபர்களுக்கு, சம்பளம் குறைவானாலும், காலையில் எழுந்து போகும்படியான ஒரு வேலையைக் காட்ட முடியுமானால், என்னிடம் சொல்லுங்கள். பிரசங்கத்தைவிட அது அதிகம் செய்யும்.

வருகிற புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஜெபக்கூட்டத்துக்கு முன்பாக, அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனையும் என் போனையும் மேசையின்மேல் வைத்து, இருவருடைய வாரக் கணக்கையும் சேர்ந்து பார்ப்பதாக ஒப்பந்தம்.