மீட்டரில் 2 லட்சம் கிலோமீட்டர்... பழைய ஃபார்ச்சூனரை நம்பி வாங்கலாமா?

"ஃபார்ச்சூனர் ஒண்ணு வந்திருக்குடா. 2014 மாடல். ஆனா 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. வேணாம்ல?"

போன மாசம் திருச்சியிலிருந்து மாமா போன் செய்தார். ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பெரிய வண்டி வாங்கி, பேரன் பேத்திகளோடு கோயில் கோயிலாகப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. இன்னொரு வண்டியும் பார்த்து வைத்திருந்தார். அதே மாடல், சென்னை வண்டி, மீட்டரில் 1,00,000 தான். விலை மட்டும் கூடுதல்.

சென்னை வண்டிதான் சரி என்று எனக்கும் தோன்றியது. எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் கேட்டபோது, அவர் ஒரு கணக்குப் போட்டார்.

"ஹைவேயில சராசரியா 60 கிலோமீட்டர் வேகம்னா, 2,10,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடினது 3,500 மணி நேரம். சிட்டி டிராஃபிக்ல சராசரி 20 தான்னு வெச்சுக்க. 1,00,000 கிலோமீட்டருக்கே 5,000 மணி நேரம் ஆயிடும். இப்ப சொல்லு, எது அதிகமா உழைச்ச வண்டி?"

அட, ஆமால்ல! சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். அதனால் மீட்டரை மட்டும் பார்க்காமல், வண்டி எங்கே ஓடியது, எப்படிப் பராமரித்தார்கள் என்று பார்க்கச் சொன்னார். அவர் கொடுத்த லிஸ்ட் இதோ:

* காலையில் போங்கள். 'ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

* ஆயில் மூடியைத் திறங்கள். இன்ஜின் ஓடும்போது அங்கே குபுகுபுவென்று புகை வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

* டைமிங் பெல்ட் பில் கேளுங்கள். 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் டீசல் இன்ஜினில் இருப்பது பெல்ட். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வாக்கில் மாற்ற வேண்டும். மாற்றாமல் அறுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. 2016-ல் வந்த 2.8 லிட்டர் டீசலில் செயின்.

* வண்டிக்கு அடியில் பாருங்கள். பாடியைத் தாங்குவது லேடர் ஃபிரேம். அதில் துரு அரித்திருந்தால் வாங்காதீர்கள்.

* பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டரில் குறைவு, ஆனால் பெடலும் ஸ்டீயரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

* சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

* ஆர்.சி தேதி பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி 15 வருடம். 2014 வண்டிக்கு 2029-ல் முடியும். பிறகு ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு.

லிஸ்ட்டை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதலில் சென்னை வண்டியைப் பார்த்தார். பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்ததும் காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்திருக்கிறது. எதுவும் பேசாமல் திரும்பிவிட்டார்.

2,10,000 ஓடிய வண்டிக்கு சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருந்தது. டைமிங் பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தார். வாங்கியதும் முதல் வேலையாகப் பெல்ட், எல்லா ஆயில், ஃபில்டர்களை மாற்றினார். அதற்கான பணத்தை முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தார். பழைய பெரிய வண்டி வாங்கும் எல்லோருமே அப்படி எடுத்து வைப்பது நல்லது. கையிலிருக்கும் மொத்தத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிட்டால், முதல் ரிப்பேருக்கே கடன் வாங்க வேண்டியிருக்கும்.

நேற்று சமயபுரத்தில் பூஜை போட்டு போட்டோ அனுப்பினார் மாமா. நடு சீட்டில் பேரன், மடியில் எலுமிச்சம்பழம்!