நோக்கமில்லாத பாரபட்சம்

2024 மே 17 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆளுநர் ஜாரெட் போலிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கூடவே, அச்சட்டத்தின் மீது தமக்கிருந்த தயக்கங்களைப் பட்டியலிட்டு மாநிலப் பேரவைக்கு ஒரு கடிதமும் எழுதினார். கையெழுத்தைவிட அந்தக் கடிதமே யோசிக்க வைப்பது என்று கருதுகிறோம்.

வேலை, வீடு, கடன், காப்பீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றை ஒருவருக்குத் தருவதா மறுப்பதா என்ற முடிவில் செயற்கை நுண்ணறிவுக்குக் கணிசமான பங்கு இருக்குமானால், அதை உருவாக்கியவரும் பயன்படுத்துபவரும் பாரபட்சம் நேராதபடி தக்க கவனம் எடுக்க வேண்டும் என்றது அச்சட்டம். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். தவறான தகவலைத் திருத்த அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். இயலுமிடத்தில் ஒரு மனிதரிடம் அவர் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். காஃப்காவின் 'விசாரணை'யைப் படித்தவர்களுக்கு, குற்றம் இன்னதென்று அறியாமலே வழக்காடுபவனின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆளுநரின் ஆட்சேபம் இது: பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டங்கள் பொதுவாக வேண்டுமென்றே செய்யப்படும் பாகுபாட்டைத்தான் விலக்குகின்றன, இதுவோ நோக்கத்தைப் பொருட்படுத்தாமல் விளைவைப் பார்க்கிறது.

கணினி நிரலுக்கு ஏது நோக்கம்? அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கிய ஒரு நிரலைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிப்பது அந்த நிரலின் வேலை. இனம் என்ற தகவலே அதற்குத் தரப்படவில்லை. நோயின் கடுமையை அளக்க, சிகிச்சைக்கு ஆகும் செலவை அது அளவுகோலாகக் கொண்டது. அதே அளவு நோயுற்ற வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நிரல் முடிவுகட்டியது. இந்தப் பிழை நீங்கினால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்றனர் ஆய்வாளர்கள். இதில் வன்மம் கொண்டவர் என்று யாரைச் சுட்டுவது? நோக்கத்தைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

விளைவைப் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. பள்ளிச் சான்றிதழும் தேர்வும் கேட்டுக் கறுப்பினத் தொழிலாளரின் பதவி உயர்வுக்குத் தடையிட்ட டியூக் பவர் நிறுவனத்தின் வழக்கில், வேலைக்குத் தொடர்பற்ற நிபந்தனை ஓர் இனத்தாரை விலக்குமானால், கெட்ட எண்ணம் இல்லை என்பது விடையாகாது என்று 1971லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நமக்கிருக்கும் குறை வேறு. 2024இன் வடிவில், பாதிக்கப்பட்டவர் இச்சட்டத்தைக் கொண்டு தாமே வழக்குத் தொடர முடியாது. மாநில அட்டர்னி ஜெனரல் மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம். உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் தட்டும் வேலையை இன்னொருவரிடம் விடுவது என்ன நியாயமோ! அதுவும் உடனே நடப்புக்கு வரவில்லை. 2026 பிப்ரவரி 1 என்றிருந்த தேதியை, 2025 ஆகஸ்டில் கூடிய பேரவையின் சிறப்புக் கூட்டம் ஜூன் 30க்குத் தள்ளியது.

2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை கொலராடோவைப் பெயர் சொல்லியே சாடியது. பாரபட்சத்தைத் தவிர்ப்பதற்காக நிரல்களைப் பொய்யான முடிவு தரும்படி இச்சட்டம் கட்டாயப்படுத்தக்கூடும் என்பது குற்றச்சாட்டு. மருத்துவமனை நிரலில் நடந்ததோ தலைகீழ். கைவைக்காமல் விட்டபோதுதான் அது நோயாளியை ஆரோக்கியமானவர் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.