நம் நாட்டில் வசந்தம் ஏது?



நம் மாணவர்களின் கட்டுரைகளில் ஆண்டுதோறும் வசந்தம் தவறாமல் வந்துவிடுகிறது. மரங்கள் துளிர்க்கின்றன, தென்றல் வீசுகிறது. நிலநடுக்கோட்டின் அருகே வாழும் மலேசியப் பிள்ளைக்கு இவ்வசந்தம் புத்தகத்திலிருந்தே கிடைத்தது. கண்ணால் கண்டதை எழுத நாம் பழக்கவில்லை என்பதே என் வருத்தம். பால்மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்த்துத் துளிர்ப்பதை எத்தனை பிள்ளைகள் கவனித்திருக்கின்றனர்?

மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சுமத்திராப் பக்கமிருந்து தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையின் குறுகிய பகுதியை, ஏறத்தாழ 38 கிலோமீட்டரைக் கடந்து வரும். கடலின்மேல் அவற்றைத் தூக்கிவிடும் வெப்பக்காற்று இல்லாமையால் சிறகடித்தே வந்து, களைப்புடன் தாழப் பறக்கும். கரைக்காட்டின்மேல் வெப்பக்காற்று கிடைத்ததும் வட்டமிட்டு உயர்ந்து வடக்கே செல்லும். நகரத்து மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருந்த தகைவிலான் குருவிகளும் அக்காலத்தையொட்டியே விடைபெறும். வசந்தம் அவற்றுக்கு வடக்கே காத்திருக்கிறது.

அதே மாதத்தில் வீட்டில் காய்கறித் தோட்டம் தொடங்கலாம் என்பது என் கருத்து. (தோட்டம் என்றாலே நம் பெரியவர்களுக்கு ரப்பர்த் தோட்டம்தான்!) லயத்து வீட்டுக் கொல்லையில் வெண்டை, கத்தரி, முருங்கை, பயிற்றங்காய் விளைவித்தவர்கள் அவர்கள். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தபின் அக்கைப்பழக்கம் பாட்டியோடு நின்றுவிட்டது. பாட்டி இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டாமா?

“நேரமில்லை ஆசிரியர், தேர்வு முக்கியம்” என்பர் பெற்றோர். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் இப்பதில் மாறவில்லை. கீரைக்கு நான்கு வாரம் போதும். மாடத்தில் ஒரு தொட்டியே போதும். வெண்டைப்பூ காலையில் மலர்ந்து மாலைக்குள் வாடும். ஐந்தாறு நாளில் காய் பறிக்கலாம். அதைக் கண்ட பிள்ளையிடம் எழுதச் சொல்லுங்கள், நடையே வேறாக இருக்கும். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். புழுவைக் கண்டவுடன் மருந்தடிக்கவும் வேண்டாம். மைனாவும் தையல்சிட்டும் தேடி வரும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்குப் பயிற்சித்தாள்களில் பத்தைக் குறைத்து, ஆளுக்கொரு பிடி தண்டுக்கீரை விதை கொடுத்தனுப்புங்கள். என் வகுப்பில் அப்படித்தான் கொடுக்கிறேன்.