மெரினாவுக்கு வடக்கே

அரக்கோணத்தில் தொடர்வண்டி ஏறிச் சென்னையைக் காணச் செல்வோர் பலர், மெரினாவில் கால் நனைத்து, சுண்டல் தின்று, இருட்டுமுன் திரும்பிவிடுகின்றனர். துறைமுக நகருக்குச் சென்றவர் துறைமுகத்தின் திசையையே பாராமல் மீள்வது வியப்புக்குரியது. இத்தனைக்கும், 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி இராயபுரத்தில் புறப்பட்டு, அரக்கோணம் வழியாகத்தான் வாலாஜா சாலையை அடைந்தது. இராயபுரத்தின் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. ஆணி அறையாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை அவை; பேரலை மோதினாலும் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். எந்தக் கல்லூரியும் கற்பிக்காத பொறியியல் அது! பின்னர்க் கடலுக்குள் சுவர் எழுப்பப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர்.

ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலை அச்சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிய, மெரினா அகன்றது. வடக்கே மணல்வரத்துக் குன்ற, கடல் கரையை அரித்தது. மீனவர் தம் நிலத்தை இழந்தனர். இன்று அங்கே கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுக்கின்றனர். தெற்கே உலாவுவோரின் மகிழ்ச்சிக்கான விலையை வடக்கே வாழ்வோர் கொடுத்துள்ளனர் என்பதே உண்மை.

பள்ளிச் சுற்றுலாக்களில் உயிரியல் பூங்கா இடம்பெறும். காசிமேடு பெரும்பாலும் இடம்பெறாது. மீன் நாற்றம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுமாயின், அது ஏற்கத்தக்கதன்று. அரக்கோணத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை செல்லும் மின்தொடர் வண்டிகள் இன்றும் இராயபுரத்தைக் கடந்தே செல்கின்றன.