மல்லாட்டைக்கு மருந்து விதையிலேயே!

பூஞ்சணம் என்றாலே ஊறுகாய் கெட்டுப்போறதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா நல்ல பூஞ்சணமும் உண்டு தோழிகளே. மல்லாட்டைச் செடி வேர் அழுகிக் காயுதே, அதுக்குக் காரணம் மேக்ரோபோமினா என்ற பூஞ்சணம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற பச்சைப் பூஞ்சணம் அதைச் சுற்றி வளைத்துத் தின்றுவிடும்! கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதன் ஆராய்ச்சி நிலையம் நம்ம விருத்தாசலத்திலேயே இருக்கு.

எங்க ஊர்ல செடி வாடின பிறகுதான் கடைக்கு ஓடுறாங்க. அழுகின வேர் திரும்புமா? பூஞ்சணக்கொல்லி ஊத்தினா நல்லதும் சேர்ந்து சாகும்.

மல்லாட்டை உடைச்சு விதை பொறுக்குறது யாரு? அம்மா, ஆயா, நாமதான். அப்போ கலக்குற வேலையையும் நாமே எடுத்துக்கணும் என்பது என் கருத்து. நோய் அடியோட போயிடாது, குறையும். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கணும், வெயில்ல வைக்கக் கூடாது. உள்ளே இருக்கிறது உயிர்.