நேரமில்லை என்போருக்கு

"எழுத ஆசை உண்டு, உத்தியோகமும் குடும்பமும் விட்டால்தானே!" நம் இளைஞர் பலர் என்னிடம் சொல்லிச் சலித்துக்கொள்ளும் சொற்கள் இவை. எழுத்துக்குத் தனி அறையும், எவரும் கதவைத் தட்டாத பகற்பொழுதும் வேண்டும் என்பது அவர்கள் துணிபு. அரபும் தமிழும் கற்பிப்பதிலேயே காலம் கழித்த நான் இதனை ஏற்பதற்கில்லை. அன்றாட வாழ்வு எழுத்துக்குப் பகையன்று. அதன் விளைநிலமே அதுதான்.

எகிப்திய நாவலாசிரியர் நஜீபு மஹ்ஃபூழின் வாழ்க்கையைப் பாருங்கள். 1911இல் கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் பிறந்தவர். 1934இல் தத்துவப் படிப்பை முடித்து அரசுப் பணியில் சேர்ந்தவர், 1971இல் ஓய்வு பெறும்வரை ஊழியராகவே இருந்தார். பகலில் கோப்புகள், பணி முடிந்தபின் எழுத்து. அதுவும் ஆண்டு முழுவதும் அன்று. வெயில் காலம் வந்தால் கண்நோய் அவரை எழுதவிடாது. எஞ்சிய மாதங்களில், எஞ்சிய நேரத்தில் உருவானதே கெய்ரோ முத்தொகுதி. 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அதன் மூன்று பாகங்களும் கெய்ரோவின் பழைய தெருப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 1988இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அரபு எழுத்தாளரும் இவரே.

அலுவலகம் இவரைக் கெடுத்ததா? வக்ஃபு அமைச்சகத்தில் இருந்தபோது, 1945இல் தாமே கேட்டு, தாம் பிறந்த பகுதிக்கு அருகிலுள்ள கூரி அடக்கத்தல நூலகத்துக்கு மாறுதல் பெற்றார். வட்டியில்லாக் கடனாகிய கர்ளன் ஹஸனா திட்டத்துக்காக அப்பகுதி மக்களை விசாரிப்பது அங்கே அவர் வேலை. கடன் கேட்டு வருபவர் தம் வீட்டுத் துயரைச் சொல்லாமல் போவாரா? கேட்கும் செவியுடையவருக்கு அந்த நாற்காலியே ஒரு மதரஸா ஆயிற்று.

அவர் கருத்துகள் அனைத்தையும் ஏற்கும்படி நான் சொல்லவில்லை. 1959இல் அவர் எழுதிய நாவலை ஆலிம்கள் கண்டித்ததை அறிவேன். எழுத்துக்கு எழுத்தால் மறுப்புச் சொல்வதே அறிவுடைமை. 1994இல் ஒருவன் முதியவரான அவர் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சினான். வலக்கை நரம்புகள் கெட்டன. அதன்பின் ஒரு வேளைக்குச் சில நிமிடங்களே அவரால் பேனா பிடிக்க இயன்றது. அவரோ அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கும் சிறு சிறு கனவுக் கதைகளை எழுதினார். 2006இல் மறையும்வரை, நேரமில்லை என்று அவர் பேனாவை மூடிவைக்கவில்லை.

நம்மவரிடமும் சான்று உண்டு. 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்ட கண்டி சித்தி லெப்பை, வழக்கறிஞர். 'முஸ்லிம் நேசன்' நடத்திய பத்திரிகையாளர். 1997இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வணிகம் செய்தவர். இவர்கள் எவருக்கும் ஓய்வு தட்டில் வைத்து நீட்டப்படவில்லை.

ஆகவே, மாலை முழுவதையும் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டு நேரமில்லை என்று சொல்லும் தம்பியை நான் நம்புவதில்லை. அவனிடம் இல்லாதது நேரமன்று, ஒருமுகப்பட்ட மனம்.

ஆனால் அதே சொல்லை ஒரு பெண் சொன்னால் நான் தலைகுனிவேன். மஹ்ஃபூழ் 1954இல் மணம் புரிந்தபின், அவர் எழுதும் பொழுதைக் காத்தவர், வீட்டுச் சுமையைத் தாங்கிய அவர் மனைவி. நம் வீட்டில் எழுத விழையும் மகளுக்கும் மருமகளுக்கும் அந்தக் காவலைத் தருபவர் யார்? ஸஹர் முதல் இரவுவரை அவர்கள் பொழுது பிறருக்கே உரியதாகிறது. கல்லூரி மலரில் கதை எழுதிய எத்தனை பெண்பிள்ளைகளின் பேனா, நிக்காஹ்வுக்குப் பின் உறங்கிப்போயிற்று! அவர்கள் சொல்லும் 'நேரமில்லை' சாக்கன்று. நம்மீது சாட்டப்படும் குற்றம்.

எழுத விரும்பும் தம்பியே, நாள்தோறும் ஒரு மணி நேரத்தை வகுத்துக்கொள், கைப்பேசியை மறு அறையில் வை, உட்கார். உன் மணி முடிந்ததும் எழுந்து, அழும் பிள்ளையை உன் தோளில் வாங்கிக்கொள். அடுத்த ஒரு மணி நேரம் உன் மனைவிக்குரியது. அவள் எழுதட்டும்.